தெய்வம் ஈட்டியை எடுத்துக் கொடுத்தால் அது வீரமா?

கேள்வி: "இலியட்டைச் சுருக்கமாகப் படித்தேன். கடைசிச் சண்டையில் அகிலீஸ் எறிந்த ஈட்டி குறி தப்புகிறது. அத்தீனா அதை எடுத்துத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறாள். ஹெக்டரிடமோ அவனுடைய தம்பி உருவத்தில் வந்து நின்று ஏமாற்றுகிறாள். இப்படித் தெய்வம் பக்கத்தில் நின்று ஜெயிக்க வைத்த ஒருவனை எப்படி மாவீரன் என்கிறார்கள்?"

அந்தக் காட்சியை முதன்முறை படித்தபோது எனக்கும் இதே எரிச்சல்தான். பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய எரிச்சல். கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் இடத்தில் நமக்கு வருவது. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு இலியட்டைப் பாடிய பழைய கிரேக்கக் கவி ஹோமரிடம் போனால், அவருடைய பாத்திரங்களில் யாருக்கும் நாம் எதற்காகக் கோபப்படுகிறோம் என்றே விளங்காது. யாருக்கும் என்பது கொஞ்சம் அதிகம். ஒருவர் இருக்கிறார், அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் ட்ராய் நகரத்து வீரன் ஹெக்டரை விட்டுவிட்டு, யாரும் சாகாத ஒரு போட்டியைப் பார்ப்போம். இலியட்டின் 23ஆம் காண்டத்தில், ஹெக்டர் கையில் செத்த தன் தோழன் பட்ரோகுளஸின் ஈமச்சடங்கை ஒட்டி கிரேக்க வீரன் அகிலீஸ் விளையாட்டுகள் நடத்துகிறான். ஓட்டப் பந்தயத்தில் மூன்று பேர்: ஒய்லியஸின் மகன் அஜாக்ஸ், ஒடிசியஸ், நெஸ்டரின் மகன் அண்டிலோகஸ். அஜாக்ஸ் முன்னால் ஓடுகிறான். அவன் கால் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அதே தடத்தில் ஒடிசியஸின் கால் விழுகிறது. ஒடிசியஸின் மூச்சுக்காற்று முன்னால் ஓடுபவனின் தலையில் படுகிறது. எல்லை நெருங்கும்போது ஒடிசியஸ் மனசுக்குள் அத்தீனாவை வேண்டுகிறான். அவள் அவன் கைகால்களை லேசாக்குகிறாள். அதோடு விடவில்லை. ஈமச்சடங்குக்கு வெட்டிய மாடுகளின் சாணி கிடந்த இடத்தில் அஜாக்ஸ் வழுக்கி விழும்படி செய்கிறாள். வாயெல்லாம் சாணி, மூக்கெல்லாம் சாணி. முதல் பரிசான சீடோன் நகரத்து வெள்ளிக் கலம் ஒடிசியஸுக்குப் போகிறது. இரண்டாம் பரிசு ஒரு மாடு. அதன் கொம்பைப் பிடித்தபடி, சாணியைத் துப்பிக்கொண்டே அஜாக்ஸ் சொல்கிறான்: அந்தத் தேவிதான் என் காலை வாரிவிட்டாள், எப்போதும் ஒரு தாயைப் போல ஒடிசியஸ் பக்கத்திலேயே நிற்கிறவள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கவனியுங்கள், தெய்வம் தலையிட்டது என்று எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. யாரும் மறுக்கவில்லை, பரிசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அதே நாளில் நடந்த தேர்ப்பந்தயத்தில் யூமெலஸின் நுகத்தை அத்தீனா முறித்துவிட, மிகச் சிறந்த தேரோட்டியான அவன் கடைசியாக வந்து சேர்கிறான். பாவம் பார்த்து இரண்டாம் பரிசை அவனுக்கே கொடுக்கலாம் என்கிறான் அகிலீஸ். அண்டிலோகஸ் விடவில்லை: அவன் தேவர்களை வேண்டியிருக்க வேண்டும், வேண்டியிருந்தால் கடைசியாக வந்திருக்க மாட்டான்! தேவர்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்வதும் குதிரைக்குத் தீனி போடுவது போல ஓட்டக்காரன் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்கிற தொனி அதில் இருக்கிறது. (அகிலீஸ் சிரித்துவிட்டு யூமெலஸுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்துவிடுகிறான். சிறந்தவன் யார், ஜெயித்தவன் யார் என்ற வித்தியாசம் இவர்களுக்குத் தெரியாமல் இல்லை.)

நம் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், தெய்வ உதவி என்றதும் நமக்கு வரம் நினைவுக்கு வருகிறது. தவம் இருந்து வாங்கி, கைமுதல் போல வைத்துக்கொள்வது வரம். அதனால் ஒருவனிடம் வரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதைக் கழித்தால் மிஞ்சும் சொந்தச் சரக்கு எவ்வளவு என்று கணக்குப் போடத் தோன்றுகிறது. ஹோமரில் யாரும் தவம் செய்வதில்லை. படையல் உண்டு, உறவு உண்டு, பழைய நன்றிக்கடன் உண்டு, வெறும் பிரியமும் உண்டு. வந்து சேரும் உதவியைத் தனியாகப் பிரித்து எடைபோட வழி இல்லை.

இன்னொரு கிரேக்க வீரன் டயோமீடிஸைப் பாருங்கள். 5ஆம் காண்டம் முழுக்க அவன் ராஜ்யம். தொடக்கத்திலேயே அத்தீனா அவனுக்குள் 'மெனோஸ்' ஊட்டுகிறாள் என்கிறார் ஹோமர். மெனோஸ் என்பது உடம்பிலும் மனசிலும் ஒரே நேரத்தில் பொங்கும் வேகம், ஆவேசம். அது வெளியிலிருந்து கட்டிவிட்ட கவசம் இல்லை. தோளில் அம்பு பட்டு அவன் வேண்டும்போது அத்தீனா சொல்வதைப் பாருங்கள்: உன் தகப்பனுடைய மெனோஸை உன் நெஞ்சில் வைத்திருக்கிறேன். அப்பனிடமிருந்து வந்ததா, தேவியிடமிருந்து வந்ததா, அவனுடையதேயா? மூன்றும்தான். அன்று அவன் காதல் தெய்வமான அப்ரோடைட்டியின் மணிக்கட்டில் குத்துகிறான். போர்த்தெய்வமான ஏரீஸின் அடிவயிற்றிலேயே ஈட்டியைப் பாய்ச்சுகிறான். அந்த இரண்டாவது குத்துக்கு முன், தேர்ப்பாகனைக் கீழே தள்ளிவிட்டு அத்தீனா தானே தேரில் ஏறுகிறாள். ஓக் மர அச்சு முனகியது என்கிறார் ஹோமர், பயங்கரமான தெய்வத்தையும் மிகச் சிறந்த மனிதனையும் அது சேர்த்துச் சுமந்ததால். எனக்கு மொத்த இலியட்டிலும் மிகப் பிடித்த விவரங்களில் ஒன்று இந்த அச்சின் முனகல். பாரம் இரண்டு பேருடையது. தெய்வம் ஏறியதால் மனிதன் இளைத்துப்போய்விடவில்லை. 'மிகச் சிறந்த மனிதன்' என்ற பட்டம் அந்த வரியில்தான் விழுகிறது.

ஆஸ்திரிய அறிஞர் ஆல்பின் லெஸ்கி 1961இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். இரட்டைக் காரணம் என்று தமிழில் சொல்லலாம். ஒரே செயலுக்கு மனிதனும் முழுக் காரணம், தெய்வமும் முழுக் காரணம். பாதிக்குப் பாதி பங்கு இல்லை. டயோமீடிஸே 9ஆம் காண்டத்தில் அகிலீஸைப் பற்றிச் சொல்கிறான்: அவன் நெஞ்சு அவனை ஏவும்போது, ஒரு தெய்வமும் அவனைக் கிளப்பும்போது, திரும்பச் சண்டைக்கு வருவான். எது முதலில் என்று அவன் யோசிப்பதுகூட இல்லை. இதை வைத்து, ஹோமரின் மனிதர்களுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் 'நான்' என்பதே இன்னும் உருவாகவில்லை என்று 1946இல் புருனோ ஸ்னெல் வாதிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அகிலீஸ் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனை வெட்ட வாளை உருவும் இடத்தைப் படித்துப் பாருங்கள். அத்தீனா பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள், வேறு யார் கண்ணுக்கும் தெரியாமல். இழுத்துவிட்டு அவள் சொல்வது கட்டளை இல்லை. உன் கோபத்தை நிறுத்த வந்தேன், நீ கேட்பாயானால், என்கிறாள். அவன் யோசித்து, கேட்பதே நல்லது என்று முடிவு செய்து வாளை உறையில் போடுகிறான். கேட்காமலும் இருந்திருக்கலாம் என்ற இடைவெளி அங்கே இருக்கிறது.

இப்போது அந்த 'ஒருவர்'. நீங்கள் போட்ட கழித்தல் கணக்கை இலியட்டுக்குள்ளேயே ஒரு ஆள் போடுகிறான்: அகமெம்னன். 1ஆம் காண்டத்துச் சண்டையில் அகிலீஸின் முகத்துக்கு நேரே சொல்கிறான், நீ பெரிய பலசாலி என்றால் அதை ஏதோ ஒரு தெய்வம்தான் உனக்குக் கொடுத்திருக்கிறது. ஆக, அப்படி நினைக்க முடியும் என்பது ஹோமருக்குத் தெரியும். ஆனால் அதை யார் வாயில் வைத்தார் பாருங்கள்: அடுத்தவனுக்குக் கிடைத்த பரிசைப் பிடுங்கப்போகிற, தப்பெல்லாம் தன் பக்கம் இருக்கிற, ஆத்திரத்தில் கத்துகிற ஒரு அரசனின் வாயில். இதே அகமெம்னன் 19ஆம் காண்டத்தில் சமாதானம் பேசும்போது, நான் காரணம் இல்லை, தேவர்களின் தலைவர் ஸீயஸும் விதியும் சேர்ந்து என் புத்தியை மறைத்தார்கள் என்கிறான். சரி, பழியைக் கழற்றிவிட்டான் என்று நினைத்தால், அடுத்த மூச்சில், புத்தி மறைந்து தப்பு செய்தேன், அதனால் நஷ்டஈடு தருகிறேன் என்கிறான். தெய்வத்தின் மேல் காரணத்தைச் சொன்னாலும் பில் தன் பேரில்தான் வருகிறது.

உதவி கிடைத்தாலே பெருமை என்றும் இல்லை. 3ஆம் காண்டத்தில் ஹெலனின் கணவன் மெனலாஸ், அவளை ட்ராய்க்குக் கொண்டுபோன பாரிஸைத் தலைக்கவசத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிறான். தாடைவார் கழுத்தை இறுக்குகிறது. அப்ரோடைட்டி வாரை அறுத்துவிட்டு, பாரிஸை மூடுபனியில் மறைத்து, கொண்டுபோய் வாசனை கமழும் படுக்கையறையில் வைக்கிறாள். வெளியே மெனலாஸ் வெறும் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிறான். இதில் யாருக்கும் பெருமை இல்லை. ஹெலனே அவனைப் பார்த்து, அங்கேயே செத்திருக்கலாமே என்கிற மாதிரி பேசுகிறாள். டயோமீடிஸை அத்தீனா சண்டைக்குள் தள்ளினாள். பாரிஸை அப்ரோடைட்டி சண்டையிலிருந்து எடுத்துவிட்டாள். தெய்வம் ஒருவனை எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதை அந்தச் சமூகம் கூர்ந்து பார்த்திருக்கிறது என்பது என் எண்ணம். பாரிஸின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தெய்வங்கள் தரும் அழகான பரிசுகளைத் தூக்கி எறிய முடியாது, வேண்டுமென்று கேட்டு வாங்கவும் யாராலும் முடியாது என்று ஹெக்டரிடம் சொல்கிறான். அந்தக் காண்டத்தில் அவன் சொல்லும் புத்திசாலித்தனமான வார்த்தை அது ஒன்றுதான்.

தெய்வம் ஏன் ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறது? ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் அத்தீனாவே பதில் சொல்கிறாள். 20 வருஷம் கழித்துத் தன் ஊரான இதாக்காவில் வந்து இறங்கிய ஒடிசியஸ், இது எந்த ஊர் என்றே தெரியாமல் நிற்கிறான். அத்தீனா ஒரு இளம் மேய்ப்பன் வேஷத்தில் வருகிறாள். அவன் உடனே ஒரு முழுநீளப் பொய்யை அவிழ்த்துவிடுகிறான். அவள் சிரித்து, அவனைக் கையால் தடவிக் கொடுத்து, உன்னைத் தந்திரத்தில் மிஞ்ச வேண்டுமென்றால் பெரிய கள்ளனாக இருக்க வேண்டும், எதிரே வருவது தெய்வமாகவே இருந்தாலும் சரி, என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, உன் குணத்தால்தான் உன்னை விட்டுப்போக முடியவில்லை என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள்: நீ நயமாகப் பேசுகிறவன், கூர்மையானவன், நிதானம் உள்ளவன், அதனால். அவள் வந்ததால் அவன் கெட்டிக்காரன் ஆகவில்லை. அவன் கெட்டிக்காரன் என்பதால் கெட்டிக்காரத்தனத்தின் தெய்வம் வந்தது. ஒடிசியின் 22ஆம் காண்டத்தில், அவன் மாளிகையில் அவன் மனைவியைப் பெண் கேட்டு வந்த கூட்டத்தோடு சண்டை நடக்கும்போது, அவள் உடனே வெற்றியைக் கையில் கொடுத்துவிடவில்லை. தகப்பனின் பலத்தையும் மகனின் பலத்தையும் இன்னும் சோதிக்க வேண்டியிருந்தது என்கிறது பாட்டு. சோதித்துவிட்டு ஒரு குருவியைப் போல உத்தரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

இதற்கு நேர் எதிரான நிலையை, அதாவது உங்கள் கேள்வியையே கொள்கையாக வைத்துக்கொண்ட ஒரு வீரனை, கிமு 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபோக்ளீஸ் மேடையில் ஏற்றினார். டெலமோனின் மகன் அஜாக்ஸ். சாணியில் விழுந்தவன் வேறு, இவன் வேறு. போருக்குக் கிளம்பும்போது அப்பா, ஜெயிக்க ஆசைப்படு, ஆனால் தெய்வத்தோடு சேர்ந்து ஜெயி என்கிறார். அதற்கு இவன், தெய்வம் கூட இருந்தால் ஒன்றுக்கும் ஆகாதவன்கூட ஜெயிப்பான், நான் அவர்கள் இல்லாமலே புகழை எடுப்பேன் என்கிறான். உதவிக்கு வந்த அத்தீனாவிடமும், மற்றவர்கள் பக்கம் போய் நில், நான் நிற்கும் இடத்தில் வரிசை உடையாது என்கிறான். அவள் அவன் புத்தியைக் கலைக்கிறாள். கிரேக்கத் தலைவர்கள் என்று நினைத்து ஆடுமாடுகளை வெட்டிச் சாய்க்கிறான். தெளிந்ததும் தன் வாளின் மேலேயே விழுந்து சாகிறான். நவீன வாசகனுக்கு அவன் பேச்சு சுயமரியாதை. கிரேக்கக் காதுக்கு அது தன் அளவு தெரியாத பேச்சு.

ஹோமரின் இலியட்டில் இதே அஜாக்ஸ் அப்படிப் பேசுவதில்லை. அங்கே அவனுக்கென்று நிரந்தரமாக நிற்கும் தெய்வம் யாரும் இல்லை. ஒருமுறை கடல் தெய்வம் பொசைடன் கோலால் தட்டி உற்சாகம் ஊட்டிவிட்டுப் போகிறான், அவ்வளவே. 17ஆம் காண்டத்தில் பட்ரோகுளஸின் உடலைச் சுற்றிச் சண்டை நடக்கிறது. ஸீயஸ் இருளைப் போர்த்திவிட்டிருக்கிறார், எதிரே இருப்பவன் யார் என்று தெரியவில்லை. அஜாக்ஸ் வேண்டுகிறான். காப்பாற்று என்று இல்லை. இந்த இருட்டை விலக்கு, கண்ணால் பார்க்கும்படி செய். எங்களை அழிப்பதுதான் உன் விருப்பம் என்றால் வெளிச்சத்தில் அழி. ஸீயஸ் மனமிரங்கி இருளை நீக்குகிறார். தெய்வத்திடம் வீரன் எதைக் கேட்கலாம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருவோம். அங்கே அநியாயம் எதுவும் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஹோமர் அங்கே நம் வயிற்றைப் பிசைய வைக்கிறார், தெரிந்தே செய்கிறார். ஒத்திகை ஏற்கனவே 16ஆம் காண்டத்தில் நடந்துவிட்டது. ட்ராய் பக்கம் நிற்கும் தெய்வமான அப்போலோ கண்ணுக்குத் தெரியாமல் வந்து பட்ரோகுளஸின் முதுகில் கையால் அறைகிறான். தலைக்கவசம் உருள்கிறது, ஈட்டி நொறுங்குகிறது, மார்க்கவசம் கழன்று விழுகிறது. யூஃபோர்பஸ் என்ற ட்ராய் வீரன் பின்னாலிருந்து குத்துகிறான். அதற்குப் பிறகுதான் ஹெக்டர் வந்து முடிக்கிறான். அப்போலோ நெருங்கும் நிமிஷத்திலேயே ஹோமர் கதை சொல்வதை விட்டுவிட்டு, அங்கே உனக்கு, பட்ரோகுளஸ், வாழ்வின் முடிவு தெரிந்தது என்று அவனிடமே பேசுகிறார். சாகிற பட்ரோகுளஸ் ஹெக்டரைப் பார்த்து, உன்னைப் போல இருபது பேர் வந்திருந்தாலும் என் ஈட்டிக்கு விழுந்திருப்பார்கள். என்னைக் கொன்றது விதியும் அப்போலோவும், மனிதரில் யூஃபோர்பஸ், நீ மூன்றாவது ஆள் என்கிறான். தெய்வ உதவியோடு வந்த வெற்றியில் ஹெக்டரின் பங்கு சின்னது என்று பாட்டே இங்கே ஒத்துக்கொள்கிறது. ஆக, உங்கள் எரிச்சலை ஹெக்டருக்காக மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. அவன் கொன்றதும் அப்படித்தான்.

அகிலீஸ் எதையும் மறைப்பதும் இல்லை. ஹெக்டரை நோக்கி, இனி உனக்குத் தப்ப வழி இல்லை, என் ஈட்டியைக் கொண்டு அத்தீனா உன்னை வீழ்த்துவாள் என்கிறான். உதவி வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருந்தால் எதிரியிடம் இப்படிச் சொல்வானா? ஹெக்டருக்கும் அதுவரை அப்போலோ துணை இருந்தான்; மதிலைச் சுற்றி ஓடும்போது கால்களுக்கு வேகம் கொடுத்தது அவன்தான். ஸீயஸ் பொன் தராசைத் தூக்கிப் பிடிக்க, ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. அப்போலோ அவனை விட்டுப் போய்விடுகிறான். ஒரு வரியில் முடிந்துவிடும் அந்த விலகல் கொடூரமானது.

பிறகு ஹெக்டர் தம்பி டெய்ஃபோபஸைக் கூப்பிட்டு ஈட்டி கேட்கிறான். பக்கத்தில் யாரும் இல்லை. புரிந்துபோகிறது. தேவர்கள் என்னைச் சாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்கிறான். அடுத்து அவன் சொல்வதுதான் இந்தக் காவியத்தின் வீரம்: போராடாமல், புகழில்லாமல் சாகமாட்டேன், வரப்போகிறவர்கள் கேட்கும்படி பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டே சாவேன். வாளை உருவிக்கொண்டு கழுகு மாதிரிப் பாய்கிறான். ஜெயிக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தக் காட்சியில் அத்தீனா யார் பக்கம் நின்றாளோ அவன் ஜெயித்தான். வாசகர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கும் மேலாக யார் பக்கம் நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம். வீரத்தை வெற்றியோடு கட்டிப்போட்டிருந்தால் 15,693 வரிகள் கொண்ட இலியட் அகிலீஸின் வெற்றியில் முடிந்திருக்கும். அது ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிகிறது.

அப்படியானால் தெய்வங்கள் அங்கே எதற்கு? என் பதில்: எதைத் தெய்வத்தால் செய்ய முடியாது என்று காட்டுவதற்கு. ஸீயஸின் சொந்த மகன் சார்பிடன். அவன் சாகும் நேரம் வந்ததும், தூக்கிக்கொண்டு போய் அவன் ஊரான லிசியாவில் விட்டுவிடலாமா என்று ஸீயஸ் தடுமாறுகிறார். செய், ஆனால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம், இங்கே சண்டை போடும் பலர் தேவர்களின் பிள்ளைகள்தான் என்கிறாள் அவர் மனைவி ஹீரா. தேவர்களின் தலைவர் இரத்தத் துளிகளை மழையாகப் பொழிவதோடு நின்றுவிடுகிறார். இந்தச் சார்பிடன்தான் முன்பு தோழனிடம் சொன்னவன்: கிழடு தட்டாமல் என்றென்றும் வாழ முடியும் என்றால் நானும் முன்வரிசையில் நிற்க மாட்டேன், உன்னையும் போகச் சொல்ல மாட்டேன், சாவு எப்படியும் ஆயிரம் வடிவில் நிற்கிறது, அதனால் போவோம். இந்தக் கணக்கின்படி தேவர்கள் வீரர்களாக இருக்கவே முடியாது. டயோமீடிஸ் குத்தியதும் ஏரீஸ் ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்துவது போல அலறிக்கொண்டு ஒலிம்பஸுக்கு ஓடுகிறான். மருந்து போட்டதும் காயம் ஆறிவிடுகிறது. குளித்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். போர்த்தெய்வத்துக்கு இழக்க ஒன்றும் இல்லை. அதனால் அவன் அலறல் நகைச்சுவை.

(ஒரு இடைச்செருகல். நம் சங்கப் புறப்பாடல்களையும் ஹோமரையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி, பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். புகழுக்காக உயிரைக் கொடுப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் புறப்பாடல் களத்தில் எந்தக் கடவுளும் இறங்கி வந்து வேல் எடுத்துக் கொடுப்பதில்லை. அதைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அத்தீனா இன்னும் துருத்திக்கொண்டு தெரிவதில் ஆச்சரியம் இல்லை.)

அகிலீஸுக்குத் தெய்வங்கள் கொடுத்தவற்றை அடுக்கிப் பாருங்கள்: தாயே ஒரு தேவி, அத்தீனாவின் துணை, தேவர்களின் கொல்லன் ஹெஃபைஸ்டஸ் அடித்துக் கொடுத்த கவசம், சாகாத குதிரைகள். கவசம் செய்து தரக் கேட்டு வந்த அந்தத் தாய் தெட்டிஸிடம் ஹெஃபைஸ்டஸ், பார்க்கிறவர்கள் வியக்கும் கவசம் தருகிறேன், அவன் சாவு வரும்போது அவனை ஒளித்து வைக்கவும் இதே போல என்னால் முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறார். எல்லாம் கொடுக்கலாம், அது ஒன்றைத் தவிர. ஹெக்டரைக் கொன்றால் அடுத்து உன் சாவுதான் என்று தாய் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அத்தீனா திருப்பிக் கொடுத்த அந்த ஈட்டி அவனைக் காப்பாற்றவில்லை. அவனுடைய முடிவை ஒரு அடி கிட்டக் கொண்டுவந்தது.

அவன் அந்தப் போருக்குப் புறப்பட்டதே இது தெரிந்துதான். 19ஆம் காண்டத்தின் கடைசியில் தேரில் ஏறிக் குதிரைகளை அதட்டுகிறான், பட்ரோகுளஸை விட்டுவிட்டு வந்த மாதிரி என்னை விட்டுவிடாதீர்கள் என்று. ஹீரா கொடுத்த குரலில் ஸாந்தஸ் என்ற குதிரை, தலையைத் தாழ்த்தி, பிடரிமயிர் தரையைத் தொட, பதில் சொல்கிறது: இந்தத் தடவை உன்னைக் காப்பாற்றிக் கொண்டுவருவோம், ஆனால் உன் சாவு நாள் பக்கத்தில் இருக்கிறது. அகிலீஸுக்கு எரிச்சல். ஸாந்தஸ், என் சாவை எனக்கு ஏன் சொல்கிறாய், அது எனக்கே தெரியும் என்கிறான். கத்திக்கொண்டே குதிரைகளை முன்வரிசைக்கு ஓட்டுகிறான்.